பனிவண்டியும் சப்பாத்தி மாவும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் வேலை பார்த்தேன். ஒரு பொருள் ஷெட்டை விட்டு வெளியே போகலாமா, திரும்ப பெஞ்சுக்கு வரவேண்டுமா என்பதை என் மேஜையில் இருந்த ரப்பர் ஸ்டாம்ப்தான் முடிவு செய்யும். ‘ஓ.கே.’ என்று பெரிதாகவும் அதற்குக் கீழே ‘வசந்தா’ என்று சின்னதாகவும் இருக்கும். ஏதாவது தப்பு நடந்தால் யாரைத் தேடுவது என்று குழப்பம் வரக்கூடாது என்பதற்காகத்தான் பெயர். அதை ஏதோ கௌரவம் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இன்ஸ்பெக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களிடம், தப்பே செய்யாதவள் நான் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்களாம். அந்த வதந்தியை ஒழிக்கத்தான் இதை எழுதுகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் நடந்தது இது.

புரட்டாசி வெயிலில் ஒரு பனிவண்டி

எங்கள் கம்பெனியில் கார்பைடு முனை வைத்த டூல்கள் செய்வோம். கல்லையும் வார்ப்பிரும்பையும் குடைகிற சமாசாரம். பனிக்கும் எங்களுக்கும் இருந்த சம்பந்தம், கேட்டுக்கு வெளியே மணியடித்துக்கொண்டு நிற்கும் குல்ஃபி வண்டியோடு சரி.

முதலாளி பாஸ்கர் சாருக்குத் தெரிந்தவர் ஒருவர் இமயமலைப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனைக்கு உதவி செய்துகொண்டிருந்தார். அந்த மருத்துவமனைக்காக வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய ஸ்னோமொபைல், அதாவது பனியில் ஓடுகிற வண்டி, சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியது. மலைக்கு ஏற்றுவதற்கு முன்னால் அதன் டிராக்கில் கார்பைடு முனை வைத்த ஸ்டட் செய்து மாட்டித் தர முடியுமா என்று கேட்டார். சார் யோசிக்காமல் சரி என்றார். அவர் யோசித்துச் சரி சொன்ன வேலை எதுவும் என் நினைவில் இல்லை.

வண்டி வந்தது. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குப் பலகை. பின்னால் ஒரு முழ அகலத்துக்கு வரிவரியாகக் கட்டை வைத்த ரப்பர் பெல்ட். அதுதான் டிராக். டிராக்குக்கு மேலே கூரை மாதிரி ஒரு அலுமினியத் தகடு. அதை டனல் என்பார்கள். டனலுக்கு மேலே மோட்டார் சைக்கிள் மாதிரி சீட். புதுப்பனியில் அந்த ரப்பர் கட்டையே பிடித்துக்கொள்ளும். கெட்டிப்பட்ட பனிக்கட்டியில் வழுக்கிவிடும். அதற்காகத்தான் ஸ்டட். பெல்ட்டில் துளை போட்டு, உள்பக்கமிருந்து ஆணியைச் செருகி, வெளிப்பக்கம் நட்டு போட்டு இறுக்கவேண்டும்.

எங்கள் ஃபோர்மேன் தேவராஜ் அண்ணன், ஆவடியில் டேங்க் செய்யும் இடத்தில் டிராக் மாட்டும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு எங்களிடம் வந்தவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்த பேரன் பேத்திகளுக்குக்கூட டிராக்கைப் பற்றித்தான் கதை சொல்வார் என்று கேள்வி. வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

“நாப்பது டன்னு வண்டிக்கு டிராக் போட்ட கை யம்மா இது. இது இன்னா, மாவு மில்லு பெல்ட்டு மாதிரி கீது” என்றார்.

வண்டியோடு ஒரு புத்தகமும் இருந்தது. எழுத்துக்கு மேலெல்லாம் புள்ளியும் வட்டமும் வைத்த ஏதோ ஒரு பாஷை. படம் மட்டும்தான் புரிந்தது. ஒரு படத்தில், குல்லா போட்ட ஒரு ஆள் வண்டிமேல் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் டிராக்கைக் காட்டி ஒரு அம்புக்குறி. வண்டி எப்படி ஓட்டுவது என்று காட்டியிருக்கிறார்கள், அது நமக்கு எதற்கு என்று புத்தகத்தை மூடிவைத்தேன். தேவராஜ் அண்ணன் அந்த ஆளின் மீசையைப் பார்த்து முதலாளி மாதிரி இருக்கிறது என்று சொன்னதும் நாங்கள் சிரித்ததும் நன்றாக நினைவிருக்கிறது.

தோர்ஜே சொன்னது

வண்டியை ஓட்டப்போகிற தோர்ஜேயும் கூடவே வந்திருந்தார். முப்பது வயதிருக்கும். வந்த அன்றே எங்கள் வெயிலைப் பார்த்துப் பயந்துவிட்டார். ஷெட்டில் ஓடுகிற ஒரே பெரிய ஃபேனுக்கு நேராக ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். கல்யாணமான புதிதில் நாக்பூரில் நாலு வருடம் இருந்ததால் எனக்கு இந்தி வரும். அதனால் அவர் பேசுவதை மற்றவர்களுக்குச் சொல்கிற வேலையும் என் தலையில் விழுந்தது.

மூன்றாம் நாள் டீ குடிக்கும்போது, இவ்வளவு தூரம் எதற்கு வந்தீர்கள், உங்கள் ஊர்ப் பக்கமே மாட்ட ஆள் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறார், அவர் மாட்டியதால்தான் வந்தேன் என்றார்.

இந்த வண்டிக்கு நம்முடைய கார் மாதிரி முன்னால் ரேடியேட்டர் கிடையாது. டனலின் அடிப்பக்கத்தில் நீளமாக, தட்டையாக அலுமினியக் கூலர் இருக்கும். டிராக் சுற்றும்போது வாரி அடிக்கிற பனி கூலரில் மோதி, உள்ளே ஓடுகிற தண்ணீரைக் குளிரவைக்கும். அதாவது ஸ்டட் முனைகள் ஒவ்வொரு சுற்றிலும் கூலருக்கு ஒட்டினாற்போல் கீழே ஓடும். கொஞ்சம் நீளமாகப் போனால் கிழித்துவிடும்.

தோர்ஜேயின் பழைய வண்டிக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது. அவர்கள் ஊர் குளிர்காலத்தில் நாலு மாதம் துண்டிக்கப்பட்டுவிடும். நோயாளியை ஸ்லெட்ஜ் என்கிற சறுக்குவண்டியில் படுக்கவைத்து வண்டியின் பின்னால் கட்டி இழுத்து, உறைந்துபோன ஒரு ஓடையைக் கடந்துதான் ரோட்டுக்கு வரவேண்டும். போன குளிர்காலத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை அப்படிக் கொண்டுவரும்போது, பாதி வழியில் கூலர் கிழிந்து தண்ணீர் முழுதும் போய் இன்ஜின் நின்றுவிட்டது. நாலு பேர் தோள்மாற்றித் தோள்மாற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினார்களாம்.

தாய் மட்டும் பிழைத்துவிட்டாள் என்றார். தேவராஜ் அண்ணன் டீ கிளாஸை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

தொங்கவிட்டு அளந்தது

வேலை சுத்தமாகத்தான் நடந்தது. முதலில் செய்த ஒரு பெட்டி ஸ்டட்டை நான் ரிஜெக்ட் செய்து சிவப்புத் தொட்டியில் போட்டேன். டிராயிங்கில் சொன்னதைவிட ஐந்து மில்லிமீட்டர் குட்டை. லேத்தில் ஸ்டாப்பரைத் தப்பாக வைத்தது தேவராஜ் அண்ணன்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் மட்டும் லேத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது பெட்டி அளவு அச்சு அசலாக இருந்தது. அந்த டிராயிங்கைப் போட்டது, ஸ்டட்டை மட்டும் தெரிந்த, வண்டியைப் பார்க்காத ஒருவர் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

துளை போடும் இடங்களைக் குறிக்க நான் புடவைப் பெட்டி அட்டையில் டெம்ப்ளேட் வெட்டிக்கொடுத்தேன். ஒரு ஆணி போன கோட்டிலேயே அடுத்த ஆணி போகக்கூடாது. பனிக்கட்டியில் ஒவ்வொன்றும் தனித்தனிக் கோடு கீறினால்தான் பிடிப்பு. மொத்தம் தொண்ணூற்றாறு ஸ்டட். மாட்டி முடித்ததும் தேவராஜ் அண்ணன் டிராக்கை இறுக்கினார். இறுக்கினார் என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு கை நுழைகிற அளவுக்குத் தொங்கல் விட்டார். டேங்க் டிராக்குக்குத் தொங்கல் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கண்ணிகளைக் கோத்திருக்கும் பின் அறுந்துவிடும் என்று விளக்கமும் கொடுத்தார். நாற்பது டன் கை சொல்கிறதே என்று நானும் கேட்டுக்கொண்டேன்.

அடுத்தது என் வேலை. ஸ்டட் முனைக்கும் கூலருக்கும் எவ்வளவு இடைவெளி? அந்த இடுக்கில் ஸ்கேல் போகாது. என் டிபன் பாக்ஸில் எடுத்து வந்த சப்பாத்தி மாவைத்தான் இந்த மாதிரி இடத்துக்கு எப்போதும் பயன்படுத்துவேன். மாவை இருபது மில்லிமீட்டர் கனத்துக்குத் தட்டி, கூலரின் அடியில் மூன்று இடத்தில் ஒட்டவேண்டும். டிராக்கைக் கையால் ஒரு சுற்று சுற்றவேண்டும். முனை மாவில் எவ்வளவு ஆழம் குத்தியிருக்கிறது என்று பார்த்தால், மிச்சம் இருப்பதுதான் இடைவெளி.

எங்கள் ஷெட்டில் எது வந்தாலும் முதலில் செயின் பிளாக்கில் மாட்டித் தூக்கிவிடுவோம். குனிந்து பார்க்க யாருக்கும் இடுப்பு கிடையாது. பனிவண்டியும் அப்படியே தொங்கியது. மாவை ஒட்டினேன், சுற்றினோம், எடுத்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. ஸ்டாம்பை எடுத்துச் சோதனை ஷீட்டில் பலமாக ஒரு குத்து குத்தினேன். தோர்ஜே அந்த ஷீட்டைப் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினார்.

ஐஸ் மழை

இன்ஜினை ஓட்டிப் பார்க்காமல் அனுப்பக்கூடாது. பனி இல்லாமல் ஓட்டினால் இரண்டு நிமிடத்தில் கொதித்துவிடும். அம்பத்தூரில் பனிக்கு எங்கே போவது? சார்தான் மீனுக்கு ஐஸ் போடும் பிளாண்ட் ஒன்றைப் பிடித்தார். புரட்டாசியில் பாதி ஊர் மீன் சாப்பிடாததால் அவர்களிடம் பாளம் பாளமாகப் பார் ஐஸ் குவிந்து கிடந்தது. நாங்கள் கேட்டதும் ஒரு டெம்போ நிறைய கொடுத்து அனுப்பினார்கள். சாக்கில் போட்டுச் சுத்தியால் தட்டித் தூளாக்கினோம். ஷெட் முழுக்க லேசாக மீன் வாசனை. சார் அந்த மாதம் முழுக்க சைவம். மூக்கைப் பொத்திக்கொண்டு மேற்பார்வை பார்த்தார்.

தேவராஜ் அண்ணன் பழைய கன்வேயர் உருளைகளை வரிசையாகப் பொருத்தி, ரப்பர் சுற்றி, அதன்மேல் வண்டியை இறக்கினார். முன்பக்கத்தைச் சங்கிலி போட்டுத் தூணில் கட்டினார். பின்னால் கம்பி வலை. தோர்ஜே ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். டிராக் சுற்ற, ஐஸ்தூளை அடியில் தள்ள, அது கூலரில் மோதி, வலைக்கு மேலே எழும்பி, ஷெட்டில் மழையாகக் கொட்டியது. பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் வந்து கூடிவிட்டார்கள். ஒருத்தர் தண்ணீர் பாட்டிலை நீட்டிப் பிடித்து ஐஸ் நிரப்பிக்கொண்டிருந்தார். பத்து நாளில் முதல் தடவையாகத் தோர்ஜே முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

நான் ஒரு நீள ஸ்குரூடிரைவரின் முனையை டனலில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே ஏதாவது உரசினால் அப்படித்தான் தெரியும். எல்லாம் சரியாக இருந்தது.

அப்போது சாருக்கு ஆசை வந்தது. பனிவண்டிமேல் உட்கார்ந்து ஒரு போட்டோ வேண்டும். யார் யாருக்கு வாட்ஸப்பில் அனுப்புவார் என்ற பட்டியலை எங்களால் மனப்பாடமாகச் சொல்ல முடியும். தோர்ஜேக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். சார் ஆள் தாராளம். அவர் உட்கார்ந்ததும் வண்டி நன்றாகத் தாழ்ந்தது.

என் காதில், எவர்சில்வர் தட்டை நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. சார் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கினார். சத்தம் நின்றுவிட்டது. கையைக் காட்டி இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். டார்ச்சும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். கூலரின் பின்பக்கம் பளபளவென்று மூன்று கீறல்.

அடித்துவிட்ட ஓ.கே.

தோர்ஜேக்குச் சத்தம் கேட்கவில்லை. மிச்ச ஐஸை முகத்தில் தேய்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் மூன்று பேரும் என் மேஜைப் பக்கம் ஒதுங்கினோம்.

கீறலைக் கண்ணாடியில் பார்த்திருந்த சார் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “கோடுதானேம்மா. ஓட்டை இல்லையே. எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சா தெரியாது. நாளைக்குச் சாயந்தரம் லாரி. அதை விட்டா கணவாய் மூடிடும்ங்கறாங்க. அவங்க ஊர்ல என்னை மாதிரி ஆளு எவன் உக்காரப் போறான்?”

அவர் கெட்டவர் இல்லை. வண்டி போய்ச் சேரவேண்டுமே என்ற பயம் அவருக்கு. எனக்கு இருந்த பயம் வேறு. அந்த ஸ்டாம்ப். முப்பது வருடத்தில் அடித்த ஓ.கே.யை நான் வெட்டியதில்லை. எமரி போட்டால் என் பெயரும் தப்பித்துவிடும். அந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதை மறைக்காமல் எழுதவேண்டும். ஒரு நிமிடம் நன்றாகவே வந்தது.

தேவராஜ் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“தொங்கல் உட்டது நானு. சுத்தச்சொல்ல பெல்ட்டு எகிறிப் போய் கூலர இடிக்குது. டேங்குக்கு அது அழகு, இதுக்கு எமன். அந்தப் பொம்பளைய தூக்கிகினு எறங்கினாங்கன்னு சொன்னான் பாரு, அதான் யம்மா எனக்கு மனசுல ஓடிகினே கீது” என்றார்.

எனக்கு அந்தப் புத்தகம் நினைவுக்கு வந்தது. எடுத்துப் பிரித்தேன். குல்லா போட்ட ஆள் அதே இடத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். அவன் வண்டி ஓட்டவில்லை. கைப்பிடியைக்கூடப் பிடிக்கவில்லை. டிராக்கை அளக்கும்போது மேலே ஆள் உட்கார்ந்திருக்கவேண்டும் என்று காட்டத்தான் அவனைப் போட்டிருக்கிறார்கள். தொங்கவிட்டால் சஸ்பென்ஷன் முழுதும் நீண்டு, டிராக் கூலரை விட்டு விலகிவிடும். ஆள் ஏறினால் சஸ்பென்ஷன் அமுங்கி, டிராக் கூலரை நெருங்கும். நான் யாருமே ஏறாத வண்டியை அளந்துவிட்டு ஓ.கே. போட்டிருக்கிறேன்.

தோர்ஜேயைக் கூப்பிட்டு கண்ணாடியில் கீறலைக் காட்டினேன். இந்தியில் சொன்னேன்: நான்தான் ஆளை உட்காரவைக்காமல் தப்பாக அளந்தேன். சிவப்புப் பேனாவை எடுத்து, அவர் பார்க்க என் ஸ்டாம்பின் குறுக்கே கோடு போட்டேன். அவர் குனிந்து மறுபடியும் கீறலைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “சரி, இந்தத் தடவை யார் யார் உட்காரணும்?” என்று மட்டும் கேட்டார்.

சார் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். லாரிக்காரரிடம் என்னென்ன சொன்னாரோ, இரண்டு நாள் தள்ளிப்போனது. அவர் சொன்ன காரணங்களில் தன்னுடைய சொந்த மாமனாருக்கு உடம்பு சரியில்லாமல் போனது ஒன்று என்று பிறகு தெரிந்தது.

சிவப்புத் தொட்டி

துளைகளை மாற்ற முடியாது, டிராக் பாழாகிவிடும். ஆணியைத்தான் குட்டையாக்கவேண்டும். இரண்டு நாளில் தொண்ணூற்றாறு புது ஸ்டட் செய்ய முடியாது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, தேவராஜ் அண்ணன் என் சிவப்புத் தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். முதலில் செய்து ரிஜெக்ட் ஆன அதே பெட்டி. ஐந்து மில்லிமீட்டர் குட்டை. ரப்பர் கட்டைக்கு மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டு நிற்கும் என்று அளந்து காட்டினேன். எங்கள் ஓடைக்கு இது போதும் என்றார் தோர்ஜே.

“யம்மா ரிஜெக்ட் பண்ணதுதான் ஓ.கே., ஓ.கே. பண்ணதுதான் ரிஜெக்ட்டு” என்று அண்ணன் ஷெட் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே போனார். எனக்குக் கோபம் வந்தது. தொட்டியை இழுத்து ஸ்டட்டை எண்ண ஆரம்பித்தேன்.

இரண்டு நாளும் ஸ்டட்டைக் கழற்றினோம், மாட்டினோம். டிராக்கை இந்த முறை புத்தகப் படம் சொன்னபடி இறுக்கினார். அதோடு கூலரின் இரண்டு பக்கமும் டனலில் கனமான பட்டி வைத்து ரிவெட் அடித்தோம். டிராக் எப்போதாவது எகிறினாலும் ஸ்டட் முதலில் பட்டியில்தான் மோதும். ரிவெட்டுக்குத் துளை போடும்போது டிரில் அரை விரல் கூடுதலாக இறங்கினால் கூலரையே குத்திவிடும். அதனால் அண்ணன் டிரில் பிட்டில் ஒரு குழாய்த் துண்டை மாட்டி, முனை மட்டும் வெளியே தெரியும்படி விட்டார். அதற்கு மேல் இறங்கவே முடியாது. அண்ணன் கையைப் பற்றி நான் எவ்வளவு கிண்டல் செய்தாலும் அது நல்ல கை.

கூலரில் காற்றடித்து கேஜ் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வரும்வரை முள் அசையவில்லை. கீறல் மேலோடு நின்றிருக்கிறது.

கடைசியாக மாவு. வண்டியைத் தரையில் இறக்கி, தோர்ஜேயை உட்காரவைத்து, பின்னால் சாரை உட்காரவைத்து, கேரியரில் இரண்டு அரிசி மூட்டை வைத்தோம். அதுவும் போதாது என்று தேவராஜ் அண்ணனைப் பின்பக்கத்தில் ஏற்றினேன். இத்தனை பாரத்தோடு டிராக்கை ஒவ்வொரு அடியாக நெம்பி நகர்த்தினோம். சார் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அதனால் எடை குறையும் என்று நினைத்தாரோ என்னவோ. மாவை எடுத்துப் பார்த்தேன். முனைகள் லேசாகக் குத்தியிருந்தன. குழிக்கு அடியில் பதினான்கு மில்லிமீட்டர் மாவு மிச்சம் இருந்தது, அது தாராளம்.

வெட்டிய ஸ்டாம்புக்குப் பக்கத்தில் புது ஸ்டாம்ப் அடித்தேன். இந்த முறை மெதுவாக.

மாவில் தடம் இல்லை

பொங்கல் கழித்து தோர்ஜேயிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. பனிக்கு நடுவில் வண்டி. சீட்டில் அவர் மனைவி, கடுகடுவென்று முகத்தை வைத்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் இரண்டு மூட்டை. பக்கத்தில் தோர்ஜேயின் உள்ளங்கையில் ஒரு உருண்டை மாவு. பார்லி மாவாம். மாதம் ஒரு தடவை இப்படிப் பார்க்கிறாராம்.

கூடவே ஒரு குரல் பதிவு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போட்டு, எல்லோருக்கும் தமிழில் சொன்னேன். கூலர் தண்ணீர் குறையவில்லை. ஓடையில் வழுக்கவில்லை. இதுவரை நாலு பேரை இறக்கியிருக்கிறேன். நாலாவது ஆள், போன வருடம் தோளில் தூக்கிக்கொண்டு வந்த அதே பெண். இந்த வருடம் வண்டியில் கூட்டிப்போனேன். திரும்பி வரும்போது இரண்டு பேராக வந்தார்கள்.

தேவராஜ் அண்ணன் கையில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம், “மாவுல முனை பட்டுச்சான்னு கேளும்மா” என்றார். கேட்டேன். தடமே இல்லை என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் சாப்பிட்டார்.

வெட்டுப்பட்ட ஸ்டாம்போடு இருக்கும் அந்த ஷீட்டை ஓய்வு பெறும்போது கேட்டு வாங்கிவந்தேன். கொரட்டூரில் என் வீட்டு பீரோவில் இருக்கிறது. புதுப் பெண்களுக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஆள் ஏறுகிற வண்டியை ஆள் ஏறிய பிறகு அளந்து பாருங்கள். உங்கள் முதலாளி போட்டோ எடுக்க உட்காருவேன் என்றால் தடுக்காதீர்கள், கொஞ்ச நேரம் கூடுதலாகவே உட்காரவையுங்கள்.